ஒன்பது வருடம் ஓடிய சி.டி.எம்.: அந்த வால்வைப் பற்றி மட்டும்

போன மாதம் எங்கள் லேப் சி.டி.எம்.முக்கு, அதாவது கான்கிரீட் க்யூபை நசுக்கி வலிமை பார்க்கும் மெஷினுக்கு, ராம் சீல் (லோடு கொடுக்கும் பிஸ்டனில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) மாற்றினோம். அதைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர் போன் செய்தார். திண்டுக்கல்லில் சொந்தமாக லேப் போடப்போகிறார். "அதே மாடல் பழசு ஒன்று விலைக்கு வருது, வாங்கலாமா?" என்று கேட்டார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிவிடுகிறேன்.

2000 கிலோ நியூட்டன் வரை லோடு, கரண்ட் பம்ப், டிஜிட்டல் டிஸ்ப்ளே, லோடு ஏறும் வேகத்துக்குக் கையால் திருகும் வால்வு. இந்த வகையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிரேம் மலை மாதிரி நிற்கிறது. ஒன்பது வருடக் கேலிப்ரேஷனில் ஒருமுறைகூட பிழை ஒரு சதவீதத்தைத் தாண்டியதில்லை. மேல் பிளேட் க்யூபின் முகத்துக்கு ஏற்றபடி சாய்ந்து உட்கார உதவும் பந்து இருக்கை இன்றும் விரல் பட்டால் அசைகிறது. அது இறுகிப்போன மெஷின்களில் க்யூப் ஒரு ஓரமாகப் பிளந்து, வலிமையைக் குறைத்துக் காட்டும். இதில் அப்படி நடப்பதில்லை. தொட்டியிலிருந்து எடுத்த க்யூபை ஈரம் துடைத்து, வார்த்த மேல்முகம் பக்கவாட்டில் வரும்படி வைத்து லோடு ஏற்றினால், கடைசி நொடிகளில் உப்பைப் பொரிப்பது போல ஒரு சத்தம் வரும். பிறகு நான்கு பக்கமும் செதில் செதிலாக உதிர்ந்து, நுனியோடு நுனி முட்டிய இரண்டு பிரமிடுகள் மட்டும் நிற்கும். அதைக் கையில் எடுத்துப் பார்ப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஜல்லியே உடைந்திருந்தால் சிமென்ட் நன்றாகப் பிடித்திருக்கிறது. ஜல்லி முழுசாகக் கழன்று குழி மட்டும் இருந்தால், எண் நன்றாக வந்திருந்தாலும் அந்த சைட் எஞ்சினியரை நானே கூப்பிட்டுப் பேசுவேன்.

இப்போது அந்த வால்வு. கான்கிரீட் டெஸ்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 516 கேட்கும் லோடு வேகம் நிமிடத்துக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 14 நியூட்டன். 150 மி.மீ. க்யூபுக்குக் கணக்குப் போட்டால் நொடிக்கு 5.25 கிலோ நியூட்டன். காலை ஒன்பது மணிக்கு வால்வை ஒரு இடத்தில் வைத்தால் சரியாக அந்த வேகம் வரும். பதினோரு மணிக்கு ஆயில் சூடேறி இளகியிருக்கும், அதே திறப்பில் ஆறரை ஓடும். சித்திரை, வைகாசியில் கேட்கவே வேண்டாம். ஒரு கண் டிஸ்ப்ளேயில், ஒரு கை வால்வில், இரண்டு நிமிடத்துக்கு மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது க்யூப் என்றால் மணிக்கட்டு வலிக்கிறது. வலி பெரிதல்ல. லோடை வேகமாக ஏற்றினால் கான்கிரீட் கொஞ்சம் கூடுதல் வலிமை காட்டும், அதுதான் பெரிது.

எம்25 என்றால் 28ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வலிமை கேட்கும் கான்கிரீட்; அதன் க்யூப் 562.5 கிலோ நியூட்டன் தாங்கினால்தான் 25ஐத் தொடும். 550 பக்கம் டிஸ்ப்ளே எண் தடுமாறும்போது பக்கத்தில் நிற்கும் சூப்பர்வைசர் "கொஞ்சம் திறந்து விடுங்க சார்" என்பார். கால் சுற்றுத் திருகல்தான், ரிப்போர்ட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த எண்ணை நம்பித்தான் அடுத்த மாடி ஏறுகிறது. டிசைன் செய்தவர் எம்25 என்று எடுத்துக்கொண்டு, கான்கிரீட் டிசைன் விதியான ஐ.எஸ். 456 சொல்கிறபடி 5000ஐ 25இன் வர்க்கமூலத்தால் பெருக்கி, மீள்மைக் குணகத்தை (லோடுக்குக் கான்கிரீட் எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்ற அளவு) சதுர மில்லிமீட்டருக்கு 25000 நியூட்டன் என்று கம்ப்யூட்டர் மாடலில் போட்டிருப்பார். பீமும் தளமும் எவ்வளவு தொய்யும் என்று அவர் பார்க்கும் கணக்கு அத்தனையும் அதிலிருந்துதான் வருகிறது. நான் ஒருமுறையும் திறந்துவிட்டதில்லை. என்றாலும் ஒரு மெஷின் இவ்வளவு எளிதாகத் திறந்துவிட இடம் தரக் கூடாது என்பதில் எனக்குக் கோபம் உண்டு.

ரிப்பேர் கதை சுருக்கமாக. ராம் ஓரம் ஆயில் கசிந்தது, லோடு நிற்கவில்லை. சர்வீஸ் ஆள் வர பதினெட்டு நாள் ஆனது. சீல் மாற்றியதும் மறுபடி கேலிப்ரேஷன் (மெஷின் காட்டும் லோடு சரியா என்ற சோதனை) செய்யாமல் டெஸ்ட் போட முடியாது, அதற்கு இன்னும் ஐந்து நாள். க்யூபை வார்த்த 28ஆம் நாளில் உடைத்தாக வேண்டும், அந்த நாள் நமக்காக நிற்காதே. நான்கு சைட் க்யூப்களை வண்டியில் ஏற்றி வேறு லேபுக்கு அனுப்பினோம். நியாயமாகச் சொன்னால், ஒன்பது வருடத்தில் வந்த பெரிய ரிப்பேர் இது ஒன்றுதான்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் என் பதில்: வாங்காதீர்கள். வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் மெஷினுக்குக் கூடுதல் பணம் தேவைதான். முதல் வருடம் க்யூப் வார்க்கும் மோல்டுகளைக் குறைத்து வாங்குங்கள், ஏசியைத் தள்ளிப்போடுங்கள், இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். அப்படி முடியவே முடியாது என்றால், வாங்கும் முன் பம்பை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஆயில் சூடான பிறகு ஒரு க்யூப் உடைத்து, வேகம் எங்கே நிற்கிறது என்று நீங்களே பாருங்கள்.

எங்களுடையதை விற்கப்போகிறேனா என்றும் கேட்டார். இல்லை. நாளைக்கு 28 நாள் முடியும் க்யூப்கள் பன்னிரண்டு தொட்டியில் கிடக்கின்றன. ஆயில் சூடாவதற்குள் முடிக்க எட்டரைக்கே லேபைத் திறக்க வேண்டும்.