17 நாள், 3 மெரினோ சட்டைகள்: ஐரோப்பாவில் அணிந்து பார்த்த அனுபவம்

திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். பருத்தி பனியன் துணியை விரலிடையில் பிடித்தாலே அதன் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) ஏறத்தாழ எவ்வளவு என்று சொல்லிவிடும் பழக்கம் வந்துவிட்டது. அப்படிப்பட்ட நான், சென்ற அக்டோபரில் மனைவியோடும் மைத்துனரோடும் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது, பருத்தி டி-சர்ட்டுகள் அனைத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டு, மெரினோ என்னும் ஆட்டினத்தின் கம்பளியில் பின்னிய இரண்டு அரைக்கைச் சட்டைகளையும் ஒரு முழுக்கைச் சட்டையையும் மட்டுமே எடுத்துச் சென்றேன். பாரிஸ், இண்டர்லாக்கன், வெனிஸ், புளோரன்ஸ், ரோம் என 17 நாள் அவற்றை மாற்றி மாற்றி அணிந்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. 150 ஜிஎஸ்எம் கனமும் 18 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள இழையும் கொண்ட முழு மெரினோ சட்டை எதற்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

ஐரோப்பாவுக்குப் போகிறோம் என்றதும் நம் ஆண்கள் முதலில் வாங்குவது ஒரு தடித்த ஜாக்கெட். அதற்குள் என்ன அணிவது என்பதைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. ஆனால் அக்டோபர் மாத ஐரோப்பாவில் உடலுக்குப் பெரிய தொல்லையாக இருப்பது வெப்பநிலை ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பதுதான். பாரிஸில் காலையில் சேன் நதிக்கரையில் நடக்கும்போது காதுமடல் சில்லிட்டுப் போகிறது; பத்து நிமிடத்தில் மெட்ரோ ரயிலுக்குள் நெருக்கியடித்து நிற்கும்போது கழுத்தில் வியர்க்கிறது; அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால் இதமான சூடு; நண்பகலில் வெளியே வந்தால் நல்ல வெயில். தடித்த ஜாக்கெட் ஒன்றே ஒன்றை நம்பி வருபவர் நாளின் பாதி நேரம் அதைக் கையில் சுமந்துகொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும். மெல்லிய ஆடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, தேவைப்படும்போது ஒவ்வொன்றாகக் கழற்றுவதே அங்கே சரிப்பட்டு வருகிறது. அந்த அடுக்குகளில் தோலை ஒட்டியிருக்கும் முதல் அடுக்கு தவறிப்போனால் மேலே எதைப் போட்டாலும் பயனில்லை.

கம்பளி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குத்துகிற, அரிக்கிற போர்வைதான். மெரினோ அப்படி இல்லை. மனிதத் தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழாகவே இந்த இழையின் தடிமன் இருக்கும் என்பதால், தோலில் படும்போது முனை வளைந்துகொடுக்கிறது, குத்துவதில்லை. இந்த ஆட்டினம் ஒரு காலத்தில் ஸ்பெயினின் தனிச்சொத்தாக இருந்தது. அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவே பல காலம் தடை இருந்தது. 1786-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி ஸ்பெயினிலிருந்து ஒரு மந்தையை வரவழைத்து, பாரிஸுக்குத் தென்மேற்கே உள்ள ராம்பூயேயில் வளர்க்கச் செய்தார். இன்று இந்தக் கம்பளிக்குப் பெயர்பெற்றவை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். நூலோடு வாழ்பவன் என்பதால் இந்த வரலாற்றின்மீது எனக்குத் தனிப் பற்று உண்டு.

சட்டையின் உண்மையான மதிப்பு சுவிட்சர்லாந்தில்தான் தெரிந்தது. லவுட்டர்ப்ருன்னன் பள்ளத்தாக்கிலிருந்து வெங்கன் ஊருக்கு ரயில் இருக்கிறது. நாங்கள் அதை விட்டுவிட்டு நடைபாதையில் ஏறினோம். ஏறத்தாழ 480 மீட்டர் உயரம், செங்குத்தான வளைவுகள். பாதி வழியிலேயே மூவருக்கும் நன்றாக வியர்த்துவிட்டது. மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. காற்றும் அடிக்கத் தொடங்கியது. மைத்துனர் அணிந்திருந்தது நல்ல பருத்தி டி-சர்ட், 180 ஜிஎஸ்எம், எங்கள் ஊர்த் துணிதான். அது முதுகில் அப்படியே ஒட்டிக்கொண்டு, அவர் நடுங்க ஆரம்பித்தார். என் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மச்சான், உங்க சட்டை ஈரமே ஆகலீங்களே" என்றார். ஈரம் ஆகாமல் இல்லை. கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீராவியைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொண்டாலும், தொட்டால் ஈரமாகத் தெரியாது. அப்படி இழுக்கும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளிவிடுகிறது. பருத்தியோ வியர்வையை நீராகவே குடித்துக்கொண்டு, தோலோடு ஒட்டி, காற்றுப்பட்டவுடன் உடல் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. நம் ஊர் வெயிலில் பருத்தியை இவ்வளவு சுகமாக்குவது இந்தக் குணம்தான். மலையில் அதுவே எதிரியாகிவிடுகிறது. பருத்தியை விற்றுப் பிழைக்கும் நான் இதைத் தயக்கமின்றி எழுதுகிறேன்.

அடுத்த நாள் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையத்துக்குப் போனோம். அரைக்கை மெரினோ, அதன்மேல் முழுக்கை மெரினோ, அதன்மேல் மடித்தால் ஒரு செம்புக்குள் அடங்கிவிடும் மெல்லிய இறகு ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே தலைமூடி வைத்த மழை ஜாக்கெட் என நான்கு அடுக்கு. வெளியே பனிப்பரப்பில் உறைநிலைக்குக் கீழான குளிரில் அரை மணி நேரம் நின்றேன். உடம்பில் குளிரவில்லை, விரல்கள் மட்டும் மரத்துப்போயின. கையுறையும் குளிர்கண்ணாடியும் இல்லாமல் அங்கே போகக்கூடாது. பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

வியர்வை நாற்றம் பற்றிய கேள்வி எல்லோருக்கும் வரும். ஒரே சட்டையை மூன்று நாள் தொடர்ந்து அணிந்தேன். நாள்தோறும் சராசரியாக 15 கிலோமீட்டராவது நடந்திருப்போம். மூன்றாம் நாள் மாலை அக்குள் பகுதியை மனைவியிடம் கொடுத்துக் கேட்டபோது, "துவைக்கலாம், ஆனா கட்டாயமில்லை" என்றார். பருத்தியாக இருந்திருந்தால் முதல் நாள் இரவே வாளியில் ஊறியிருக்கும். துவைப்பதும் எளிது. விடுதி அறையின் கைகழுவும் தொட்டியில் வெதுவெதுப்பான நீரும் சிறிது ஷாம்பூவும் போதும். முறுக்கிப் பிழியக் கூடாது. கனமான துவாலையை விரித்து, சட்டையை அதன்மேல் பரப்பி, இரண்டையும் பாய்போல் சுருட்டி மேலே முழங்காலை வைத்து அழுத்தினால் நீர் துவாலைக்குப் போய்விடுகிறது. இரவு 9 மணிக்கு நாற்காலியின் முதுகில் போட்ட சட்டை காலை 7 மணிக்குக் காய்ந்திருந்தது. தோள்பட்டைத் தையலில் மட்டும் இலேசான ஈரம். அணிவதற்கு அது தடையாக இல்லை.

தையலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத் தையல் பிளாட்லாக், அதாவது விளிம்பு மேலெழாத தட்டையான தையல்; முதுகுப்பையின் வார் அழுத்தும் இடத்தில் மடிப்பு எதுவும் உறுத்தவில்லை. தோள்பட்டைத் தையலை மேட்டிலிருந்து சற்று முன்னே தள்ளி வைத்திருந்தது நல்ல வேலைப்பாடு. கழுத்து ரிப் (இழுபடும் கழுத்துப் பட்டி) 17 நாளுக்குப் பிறகும் தளரவில்லை.

இனி குறைகள். முதலாவது, உறுதி. 150 ஜிஎஸ்எம் மெரினோ, அதே கனமுள்ள பருத்தி அளவுக்கு உரசலைத் தாங்குவதில்லை. இடுப்பில் பணப்பை கட்டியிருந்தேன். அதன் பிளாஸ்டிக் கொக்கி உரசிய இடத்தில் 12-ஆம் நாள் கடுகளவு ஓட்டை விழுந்தது. ரோம் போய்ச் சேர்வதற்குள் அது மிளகளவாகிவிட்டது. இத்தனை விலை கொடுத்த பொருளில் இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. நைலான் இழையை நடுவில் வைத்து அதன்மேல் மெரினோவைச் சுற்றிய நூலில் பின்னிய சட்டைகளும் கிடைக்கின்றன. பை சுமப்பவர்கள் அவற்றையே வாங்குவது நல்லது. முதுகுப்பை படும் இடங்களில் பில்லிங்கும், அதாவது உரசலில் எழும் சிறு நூலுருண்டைகளும், வந்தது.

இரண்டாவது, சூடு. புளோரன்ஸில் காசு போட்டுத் துவைக்கும் கடையொன்றில் மற்றத் துணிகளோடு முழுக்கைச் சட்டையையும் உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது கையின் நீளம் ஓர் அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தது. கம்பளி இழையின் மேல் மீன் செதில்போல் நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் அலசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி இறுகிவிடுகிறது. செதில்களைப் பதப்படுத்திய சூப்பர்வாஷ் வகையாக இருந்தாலும் உலர்த்தும் இயந்திரத்தின் பக்கம் கொண்டுபோகாமல் இருப்பதே பாதுகாப்பு. மூன்றாவது, விலை. ஒரு சட்டை ஏறத்தாழ 3,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு எங்கள் ஊரில் பத்துப் பருத்திச் சட்டை வாங்கலாம். ஆனால் பத்துச் சட்டையையும் சுமந்தாக வேண்டுமே.

வெனிஸில் அந்தச் சுமையின் கணக்கு தெளிவாகத் தெரிந்தது. 400-க்கும் மேற்பட்ட பாலங்கள் உள்ள ஊர் அது, பெரும்பாலானவற்றுக்குப் படிக்கட்டு. கார் வராது, ஆட்டோ வராது. பெரிய உருட்டுப்பெட்டியோடு வந்தவர்கள் ஒவ்வொரு பாலத்தின் அடியிலும் நின்று மூச்சு வாங்குவதைப் பார்த்தோம். என் முதுகுப்பையில் எல்லாம் சேர்த்து எட்டரைக் கிலோ. அதில் மூன்று மெரினோ சட்டைகள், காலர் வைத்த ஒரு நீலச் சட்டை, இரண்டு பேன்ட், இரண்டு ஜாக்கெட், நான்கு ஜோடிக் காலுறைகள், ஒரு நாலு முழ வேட்டி. வேட்டி இரவில் உடுத்த. பாரிஸின் லா ஷப்பல் பகுதியிலுள்ள மாணிக்க விநாயகர் ஆலயத்துக்கு ஒரு காலை போனபோதும் அதுவே உதவியது.

பேன்ட்டில் ஜீன்ஸ் வேண்டாம் என்பேன். நனைந்தால் காயாது, கனமும் அதிகம். நைலான் கலந்த, சற்றே இழுபடும், அடர்நிற சினோ வகைப் பேன்ட் இரண்டு போதும். உள்ளே ஜிப் வைத்த பை ஒன்று இருந்தால் மெட்ரோ நெரிசலில் நிம்மதி. குட்டைக் கால்சட்டையை மட்டுமே நம்பி வரக்கூடாது. ரோமில் புனித பேதுரு பேராலய வரிசையில் எங்களுக்கு நான்கு பேர் முன்னால் நின்றவர், முழங்கால் தெரியும் கால்சட்டை அணிந்திருந்ததால், அவ்வளவு நேரம் காத்திருந்தும் திருப்பி அனுப்பப்பட்டார். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்ற விதி ஆண்களுக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை. இன்னொன்று: பிரான்சின் நகராட்சி நீச்சல் குளங்களில் ஆண்கள் தொளதொளவென்ற கால்சட்டையோடு இறங்க முடியாது, உடலை ஒட்டிய நீச்சல் உடைதான் வேண்டும்.

காலணிக்குச் சட்டையைவிட அதிகம் செலவு செய்யலாம். ரோமின் பழைய தெருக்களில் பாவியிருக்கும் சம்பியெத்ரினி என்ற கருங்கல் பாளங்கள் மழையில் வழுக்கும், இடுக்குகளில் பாதம் புரளும். தடித்த ரப்பர் அடி வைத்த, ஊரிலேயே ஒரு மாதம் போட்டுப் பழகிய ஷூ வேண்டும். மைத்துனர் பயணத்துக்கென்று வாங்கிய புது ஷூவை பாரிஸில்தான் முதன்முதலாக அணிந்தார். இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம் வந்துவிட்டது.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ரோமுக்கோ தென் ஸ்பெயினுக்கோ மட்டும் போகிறவர்களுக்கு இந்தச் சட்டையைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வெயிலுக்கு லினன் சட்டையே சுகம். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபரில் போகிறவர்களும், எந்த மாதமானாலும் ஆல்ப்ஸ் மலையைப் பார்க்கப் போகிறவர்களும் இரண்டு சட்டையாவது வாங்கலாம். திரும்பி வந்ததும் நன்றாகத் துவைத்துக் காயவைத்து, காற்றுப் புகாத பையில் வையுங்கள். கம்பளியைத் தின்னும் பூச்சி பருத்தியைவிட இதை வேகமாகத் தேடி வரும். மிளகளவு ஓட்டை விழுந்த என் சட்டையை எங்கள் செக்கிங் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்யும் அம்மா ஒருவர், உள்மடிப்பிலிருந்தே ஓர் இழையை உருவி, கண்ணி கண்ணியாகக் கோத்து அடைத்துக் கொடுத்திருக்கிறார். வெளிச்சத்தில் பிடித்துத் தேடினால்தான் இடம் தெரிகிறது. வரும் ஏப்ரலில் வியன்னாவுக்குப் போகும்போது அதையும் எடுத்து வைக்கப் போகிறேன்.