பச்சைக் கட்டம்: பக்கத்தில் நிற்கும் நர்ஸின் ரிவ்யூ

எண்டோஸ்கோப்பி அறையில் எனக்கு வேலை. ஸ்கோப் (கேமரா பொருத்திய வளையும் குழாய்) டாக்டர் கையில் இருக்கும். ஃபோர்செப்ஸ் (சின்ன இடுக்கி), ஸ்நேர் (பாலிப்பை வெட்டியெடுக்கும் கம்பி வளையம்), ஊசி எல்லாம் என் கையில். இரண்டு பேர் கண்ணும் ஒரே மானிட்டரில்தான். கொலனோஸ்கோப்பியின்போது, அதாவது பெருங்குடலை ஸ்கோப் விட்டுப் பார்க்கும்போது, அந்த மானிட்டரில் பாலிப் (குடல் சுவரில் வளரும் சிறு சதை) இருக்கும் இடத்தைச் சுற்றிக் கட்டம் போட்டுக் காட்டும் ஏஐ மென்பொருளை எங்கள் யூனிட்டிலும் வாங்கிப் பொருத்தினார்கள். எந்தக் கம்பெனியுடையது என்பது இங்கே வேண்டாம். மெட்ட்ரானிக்கின் ஜிஐ ஜீனியஸ், ஃபுஜிஃபில்மின் கேட் ஐ, ஒலிம்பஸின் எண்டோ-எய்ட் என்று சந்தையில் பல இருக்கின்றன. அடிப்படை வேலை எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

ஸ்கோப்பை சீக்கம் (பெருங்குடல் தொடங்கும் இடம்) வரை கொண்டுபோய்விட்டு மெதுவாக வெளியே இழுத்து வரும்போதுதான் குடல் சுவரை நிதானமாகப் பார்ப்பார்கள். இதன் உபயோகமும் அப்போதுதான். கேமரா அனுப்பும் ஒவ்வொரு ஃபிரேமையும் அலசி, சந்தேகமான இடத்தில் உடனே கட்டம் போடுகிறது. படம் தாமதமாக வருவதாக இதுவரை எந்த டாக்டரும் குறை சொல்லிக் கேட்டதில்லை.

சமீபத்தில் ஒரு கேஸ். லிஸ்ட்டில் கடைசி ஆள், எல்லோருக்கும் அலுப்பு. ஏறு பெருங்குடலில் ஒரு மடிப்பின் மேல் மஞ்சளாகக் கொஞ்சம் சளி. யாரும் மலம் ஒட்டியிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். திரையின் ஓரத்தில் கட்டம் ஒரு கணம் மின்னி மறைந்தது. "சார், வலது மேல் மூலை" என்றேன். ஸ்கோப்பைத் திருப்பித் தண்ணீரைப் பீய்ச்சியதும் சளி விலகியது. கீழே தட்டையாக, சுற்றியுள்ள சுவரின் நிறத்திலேயே, எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றே தெரியாத ஒரு திட்டு. அடியில் ஊசி போட்டு உப்பவைத்து, ஸ்நேரில் எடுத்தோம். செரேட்டட் லீஷன் (புற்றுநோயாக மாறக்கூடிய ஒரு வகைப் பாலிப்) என்று பேத்தாலஜி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட் வந்தது. கட்டம் இல்லாவிட்டாலும் டாக்டர் பார்த்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு முதலில் பார்த்தது மென்பொருள்தான்.

ஆய்வுகளும் இந்தப் பக்கம்தான் பேசுகின்றன. இத்தாலியில் நடந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், குறைந்தது ஓர் அடினோமாவாவது (பிற்பாடு புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப்) கண்டுபிடிக்கப்பட்டவர்கள் மென்பொருள் இல்லாமல் 40.4 சதவீதம், இருந்தபோது 54.8 சதவீதம். ஒரே நபருக்கு அடுத்தடுத்து இரண்டு முறை செய்து பார்த்த இன்னோர் ஆய்வில், முதல் முறை தவறவிட்ட அடினோமாக்கள் 32.4 சதவீதத்திலிருந்து 15.5 சதவீதமாக இறங்கின. பாதிக்குப் பாதி! ஒரு டாக்டரின் அடினோமா கண்டுபிடிப்பு விகிதம் (அவர் எத்தனை சதவீதம் பேரிடம் அடினோமா கண்டுபிடிக்கிறார் என்ற கணக்கு) ஒரு சதவீதப் புள்ளி கூடினால், அவரிடம் பரிசோதித்துக்கொண்டவர்களுக்குப் பிற்பாடு பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 3 சதவீதம் குறைவதாக 2014-இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. அதனால்தான் இந்த எண்ணுக்கு இவ்வளவு மரியாதை.

ஆனால் கூடுதலாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 5 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ. அவற்றில் ஆபத்தே இல்லாத ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்புகளும் கலந்திருக்கும். எனக்கு பாட்டிலும் லேபிளும் கூடுகிறது, பேத்தாலஜிக்கு வேலை கூடுகிறது, சிலருக்கு அடுத்த கொலனோஸ்கோப்பி தேவையில்லாமல் முன்கூட்டியே வருகிறது. 2025-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு, வழக்கமாக எல்லோருக்கும் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று, அழுத்தமாக இல்லாவிட்டாலும், பரிந்துரைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

அப்புறம் பொய் எச்சரிக்கை. நுரைக்குக் கட்டம், மலத் துணுக்குக்குக் கட்டம், ஸ்கோப் உறிஞ்சிய இடத்தில் உப்பிய சுவருக்கும் கட்டம். நான் உள்ளே விடும் ஸ்நேரைக்கூடச் சில நேரம் விடாது. இத்தாலியில் 40 பரிசோதனைகளின் வீடியோவை வைத்து எண்ணிப் பார்த்தபோது, ஒன்றுக்குச் சராசரியாக 27 பொய்க் கட்டங்கள் வந்தன. பெரும்பாலானவை குடல் சுவரின் மடிப்பால் வந்தவை. பழகிய கண் அவற்றை நொடியில் ஒதுக்கிவிடும். புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்கள்தான் ஒவ்வொன்றிலும் நின்று நின்று போகிறார்கள்.

பெரிய குறை வேறு. திரைக்கு வராததை இதனால் காட்ட முடியாது. மடிப்புக்குப் பின்னால் இருப்பதைக் காட்ட ஸ்கோப்பை வளைக்க வேண்டும், கழுவ வேண்டும், பொறுமையாக இழுக்க வேண்டும். எதையும் வெட்டாத சாதாரண கேஸிலேயே வெளியே இழுக்கக் குறைந்தது 6 நிமிடம் என்பது பழைய கணக்கு. வேகமாக இழுக்கிற கைக்கு எந்த மென்பொருளை மாட்டியும் பிரயோஜனம் இல்லை. நோயாளி பேதி மருந்தை ஒழுங்காகக் குடிக்காமல் வந்தாலும் அதே கதிதான்.

கட்டம் வரட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் வந்துவிடுமோ என்பது இன்னொரு கவலை. போலந்தில் 19 அனுபவசாலி டாக்டர்களைக் கவனித்த ஆய்வு 2025-இல் வந்தது. யூனிட்டுக்கு இந்த மென்பொருள் வந்த பிறகு, அது இல்லாமல் செய்த கொலனோஸ்கோப்பிகளில் கண்டுபிடிப்பு விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4-க்கு இறங்கியிருந்தது. காரணம் பழக்கம்தான் என்று ஒரே ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் கட்டம் அணைந்திருக்கும் நாட்களில் எங்கள் அறையில் யாருடைய கண் எங்கே போகிறது என்று நான் இப்போது கொஞ்சம் கூர்ந்து பார்க்கிறேன்.

வாங்கலாமா என்றால், நீளமான லிஸ்ட் ஓடும் யூனிட்டுக்கும் கண்டுபிடிப்பு விகிதம் குறைவாக உள்ள டாக்டருக்கும் வாங்கலாம். என் கணக்கில் ஐந்துக்கு மூன்றரை. குடல் சுத்தமாக இல்லாத கேஸ்கள் நிறைய வரும் இடம் என்றால், முதலில் பேதி மருந்தை இரண்டு தவணையாகக் குடிக்கவைப்பதைச் சரி செய்யுங்கள்; அதற்குச் செலவும் குறைவு. நோயாளிகள் "ஏஐ இருக்கா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல் "டாக்டரின் கண்டுபிடிப்பு விகிதம் என்ன?" என்றும் கேட்கலாம், தப்பே இல்லை.

வாங்கினால், கட்டத்தோடு வரும் சத்தத்தை முதல் நாளே அணைத்துவிடுங்கள். லேசான மயக்கத்தில் படுத்திருப்பவர் ஒவ்வொரு 'டிங்'குக்கும் "என்ன சிஸ்டர், என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.