முதலில் எந்த ஆல்பம்? இடைவெளி விடும் இசையும் அடர்ந்த இசையும்

ஒரு புது இசை வகைக்குள் நுழைய விரும்புகிறவரிடம், அந்த வகையின் ‘மிகச் சிறந்த’ ஆல்பம் எதுவோ அதைத்தான் எல்லோரும் எடுத்து நீட்டுகிறார்கள். எனக்கு அந்த அளவுகோலில் நம்பிக்கை இல்லை. புதிதாகக் கேட்பவருக்கு முதலில் வேண்டியது காது வைக்க ஓர் இடம். யார் என்ன வாசிக்கிறார்கள் என்று பிரித்துக் கேட்க முடிகிறதா? வாசித்த வரி மனதில் பதிவதற்குள் அடுத்தது வந்து விழுந்துவிடுகிறதா? இதை வைத்து, ஒவ்வொரு வகையிலும் இரண்டு ஆல்பங்களை எதிரெதிரே நிறுத்திப் பார்க்கிறேன்: ஒன்று இடைவெளி விட்டு வாசிப்பது, இன்னொன்று நிறைத்து வாசிப்பது. இடைவெளி உள்ளதுதான் எப்போதும் ஜெயிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஜாஸில் போட்டி மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வுக்கும் (1959) ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’முக்கும் (1965). முதல் ஆல்பத்தில் சாக்ஸபோன் வாசித்தவர்களில் ஒருவர் இதே கோல்ட்ரேன். அதனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது, ஒரே மனிதர் சில வருடங்களில் எவ்வளவு தூரம் போய்விட்டார் என்பதும் காதில் விழுகிறது.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இரண்டே நாட்களில் பதிவானது, மார்ச் 2 மற்றும் ஏப்ரல் 22. முதலில் வரும் ‘ஸோ வாட்’டில் டபுள் பாஸ் (கனத்த கீழ்ச்சுர வாத்தியம்) ஒரு வரியைக் கேள்விபோல் வைக்கிறது, மற்றவர்கள் இரண்டு கார்டுகளில், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்துகளில், பதில் சொல்கிறார்கள். அப்புறம் 16 பார் (ஒரு பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) ஒரே ஸ்கேல், அடுத்த 8 பார் அதே ஸ்கேல் அரை சுரம் மேலே, மறுபடி 8 பார் பழைய இடம். அமைப்பு அவ்வளவுதான். அந்த ஸ்கேலின் ஏழு சுரங்களும் கரகரப்பிரியாவின் சுரங்களே. கார்டு மாற்றங்களைத் துரத்தாமல் ஒரே ஸ்கேலில் தங்கி விரிக்கும் இந்த முறை, ராக ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு அந்நியமாகவே இருக்காது. டேவிஸின் டிரம்பெட் ஒரு வரியை முடித்துவிட்டுக் காத்திருக்கும். அந்த நேரத்தில் பால் சேம்பர்ஸின் பாஸும் ஜிம்மி காபின் டிரம்ஸும் தனித்தனியாகத் தெரியும்.

‘எ லவ் சுப்ரீம்’ அப்படிக் காத்திருப்பதில்லை. 1964 டிசம்பர் 9 அன்று பதிவான, 33 நிமிடமே ஓடும் நான்கு பகுதிகள். முதல் பகுதியில் பாஸில் வரும் நான்கு சுர வரியைக் கோல்ட்ரேன் பன்னிரண்டு சுருதிகளிலும் மாற்றி மாற்றி வாசித்துவிட்டு, அதையே குரலில் மந்திரம்போலச் சொல்கிறார். எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் பெரும்பாலும் ஓய்வதில்லை. கடைசிப் பகுதி வேறு மாதிரி: ஆல்பத்தின் உறையில் அச்சிட்டிருக்கும் தன் பிரார்த்தனைக் கவிதையை அவர் சொல் சொல்லாகச் சாக்ஸபோனிலேயே வாசிக்கிறார். தாளமில்லாமல் விருத்தம் பாடுவதற்கு மிக அருகில் வரும் வாசிப்பு அது. கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் எந்த இடத்தில் எந்தச் சொல் என்று தொடர முடியும். எனக்கு மனதுக்கு நெருக்கமானது இந்த ஆல்பம்தான். ஆனாலும் ஜாஸ் கேட்டே இராதவருக்கு நான் கொடுப்பது ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’.

அந்த ஆல்பம் பதிவான நியூயார்க் ஸ்டூடியோவில், கொலம்பியா நிறுவனம் 30ஆம் தெருவில் ஒரு பழைய தேவாலயத்தில் நடத்திய அதே இடத்தில், மேற்கத்திய செவ்வியல் இசையில் நான் நிறுத்தும் போட்டிக்கான இரண்டு பதிவுகளும் நடந்தன. க்ளென் கூல்ட் பியானோவில் வாசித்த, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ‘கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்’ (ஆரியா என்ற ஒரு தொடக்க மெட்டும், அதையொட்டிய வேரியேஷன்கள் என்ற மாற்று வடிவங்களும்): 1955இல் ஒன்று, 1981இல் ஒன்று. ஒரே படைப்பு, ஒரே கலைஞர். முதல் பதிவில் வயது 22, இரண்டாவதில் 48. முதலாவது சுமார் 38 நிமிடம், இரண்டாவது 51. தொடக்க ஆரியாவை மட்டும் எடுத்துக்கொண்டால், இளைஞர் இரண்டு நிமிடத்துக்குள் முடிக்கிறார், மற்றவர் மூன்று நிமிடம் எடுத்துக்கொள்கிறார். பாக் திருப்பி வாசிக்கச் சொன்ன பகுதிகளை 1955இல் முழுக்க விட்டுவிட்டார். 1981இல் சிலவற்றைத் திருப்பி வாசிக்கிறார். இரண்டிலும் அவர் தனக்குள் முனகிக்கொண்டே வாசிப்பது கேட்கும். எனக்கு அது இடைஞ்சலாக இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல்தான் இருக்கிறது.

1955 பதிவின் துள்ளல் உடனே தொற்றிக்கொள்ளும். அதையே உயர்வாகச் சொல்பவர்கள் ஏராளம், அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. இருந்தாலும் நான் 1981ஐத்தான் முதலில் கேட்கச் சொல்வேன், காரணம் இடது கை. இந்த 30 வேரியேஷன்களும் ஆரியாவின் மேல் மெட்டிலிருந்து கிளைத்தவை அல்ல, கீழே நடக்கும் பாஸ் வரியின் மேல் கட்டியவை. 1955இன் வேகத்தில் வலது கையின் ஜாலம் அந்த அஸ்திவாரத்தை மறைத்துவிடுகிறது. 1981இல் ஒவ்வொரு குரலையும், அதாவது தனித்து ஓடும் ஒவ்வொரு மெட்டு வரியையும், தனியாகப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போகலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. சோகமான 25ஆம் வேரியேஷனில் மெதுவாகப் போவது அந்த 22 வயதுக்காரர்தான்! இளமை என்றால் வேகம் என்ற எளிய விளக்கம் அங்கே உடைந்துபோகிறது. அந்த ஒரு பகுதியை மட்டும் நான் 1955இல் கேட்பேன்.

ஜமைக்காவின் ரெக்கே இசையில் என் அளவுகோலே சோதனைக்கு வருகிறது. பாப் மார்லியின் ‘எக்ஸோடஸ்’ (1977) ஒரு பக்கம். அகஸ்டஸ் பாப்லோவும் கிங் டபியும் சேர்ந்து தந்த ‘கிங் டபிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’ (1976) மறுபக்கம். இரண்டாவது டப் வகை: ஏற்கெனவே பதிவான பாட்டிலிருந்து மிக்ஸிங் மேசையில் குரலையும் வாத்தியங்களையும் உருவி எடுத்து, மிஞ்சுவதை எதிரொலியில் மிதக்கவிடுவது. இடைவெளியையே கலையாக்கிய இசை இது. என் கணக்குப்படி இதுதான் நல்ல வாசலாக இருக்க வேண்டும். ஆனால் இல்லை. அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாடல், ஜேக்கப் மில்லர் பாடிய ஒரு காதல் பாட்டின் டப் வடிவம். மூலப் பாட்டில் குரல் எங்கே நீளும் என்று தெரிந்தவருக்குத்தான், அது பாதியில் அறுந்து எதிரொலியாகக் கரையும்போது மனசு திடுக்கிடும். எடுக்கப்பட்டது எது என்று தெரியாதவருக்கு அந்த வெற்றிடம் வெறும் வெற்றிடம்தான்.

‘எக்ஸோடஸ்’ அந்த முன்னறிவைக் கேட்பதில்லை. 1976 டிசம்பரில் கிங்ஸ்டனில் மார்லி சுடப்பட்டு, உயிர் தப்பி லண்டனுக்குப் போன பிறகு பதிவானது. எல்பியின் முதல் பக்கம் நம்பிக்கையும் நியாயக் கோபமும், இரண்டாம் பக்கம் காதலும் ஆறுதலும். பாஸ் கிட்டார் மெட்டைத் தாங்குவதையும், ரிதம் கிட்டார் தாளத்தின் இடைத்தட்டில் வெட்டுவதையும் இங்கே கற்றுக்கொண்டு, பிறகு டப்புக்குப் போவதுதான் சரியான வரிசை.

ராப்பில் நிலைமை இன்னும் தெளிவாகத் தலைகீழ். நாஸின் ‘இல்மேட்டிக்’ (1994) பத்து டிராக்குகள், 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பின்னணி இசை மெலிதாக ஒதுங்கி நின்று சொல்லுக்கு வழிவிடுகிறது. பப்ளிக் எனிமியின் ‘இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ் டு ஹோல்ட் அஸ் பேக்’ (1988) எந்த இடத்தையும் காலியாக விடுவதில்லை: துண்டு துண்டாக வெட்டிய பழைய இசைத்தட்டுகள், சைரன், கூச்சல், அதற்கு மேல் அந்தக் குழுவின் ராப்பர் சக் டியின் கனத்த குரல். ஆனால் ‘இல்மேட்டிக்’கின் அழகு சொற்களில் இருக்கிறது. நியூயார்க் தெருமொழி பழகாத காதுக்கு அவ்வளவு இடம் விட்டும் பாதி நழுவிப்போகும். பப்ளிக் எனிமியின் கோபத்துக்கு அகராதி தேவையில்லை, அந்தச் சத்தமே கருத்து. அதில் தொடங்குங்கள். ‘இல்மேட்டிக்’கை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேளுங்கள்.

மெட்டலில் எனக்குத் தயக்கமே இல்லை. மெட்டாலிகாவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ (1986) கட்டுமானத்தில் பிரமாதம், ஆனால் மெட்டல் தெரியாதவருக்கு அது ஒரு சுவர். பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் (1970) மழையும் மணியோசையுமாகத் தொடங்கி மூன்றே சுரங்களில் பயமுறுத்துகிறது. முதலில் அதுதான்.

எலக்ட்ரானிக் இசையில் கிராஃப்ட்வெர்க்கின் ‘டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’ (1977), பிரையன் ஈனோவின் ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ (1978). ஈனோ வெவ்வேறு நீளமுள்ள டேப் வளையங்களைச் சுழலவிடுகிறார். ஒலிகள் ஒவ்வொரு முறையும் புதிய வரிசையில் சந்திக்கின்றன. அழகுதான், ஆனால் கவனமில்லாமலும் கேட்கலாம் என்றே அவர் அதை வடிவமைத்தார். கற்றுக்கொள்ள வருபவருக்குக் கிராஃப்ட்வெர்க்கின் ரயில் தாளம் மேல்.

கடைசியாக, நம் இசையும் வெளி இசையும் சந்திக்கும் இடம். ‘சக்தி’ குழுவின் முதல் ஆல்பம் (1976), இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986). முன்னது மேடையில் நேரடியாகப் பதிவானது: ஜான் மெக்லாஃப்லினின் கிட்டாரும் எல். சங்கரின் வயலினும் ஒன்றையொன்று துரத்த, ஜாகிர் உசேனின் தபலாவும் விக்கு விநாயக்ராமின் கடமும் கீழே கொதிக்கும். தனி ஆவர்த்தனத்தில் லயித்தவருக்கு இதைவிட நல்ல விருந்து கிடைக்காது. ஆனால் வேகத்தில் இரண்டு மரபுகளும் கலந்துவிடுகின்றன, எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்க முடிவதில்லை.

இளையராஜா, தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கிய ஆல்பத்தில், பாக்கின் ஒரு வயலின் பார்ட்டிட்டாவை (பல பகுதிகள் கொண்ட தனி வயலின் படைப்பு) எடுத்துக்கொண்டு அதனோடு தன் வரிகளைப் பேசவிடுகிறார். இரண்டு குரல்களும் கடைசிவரை தனித்தனியாகவே கேட்கும். ஒரு மெட்டுக்கு எதிராக இன்னொரு மெட்டு எப்படி நடக்கும் என்பதை ராகம் தெரிந்த காதுக்கு இவ்வளவு எளிதாகச் சொல்லித்தரும் ஆல்பத்தை நான் கேட்டதில்லை. என் தேர்வு இதுதான். இதைக் கேட்ட கையோடு கூல்டின் 1981 பதிவைப் போட்டுப் பாருங்கள், இடது கை முதல் நிமிடத்திலேயே பிடிபட்டுவிடும்.