தளி மண்தடத்துக்கு 40 மி.மீ. ட்யூப்லெஸ் சைக்கிள் டயர் தாங்குமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்து ஏரிக்கரை, ராகிக்காட்டுத் தடங்களுக்கு 40 மி.மீ. அகலமுள்ள 700×40 ட்யூப்லெஸ் (உள்ளே ட்யூப் இல்லாத) டயர் தாராளம். 70 கிலோ ஆளுக்கு முன்னால் 32, பின்னால் 35 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். ரோடு சைக்கிள் பழக்கத்தில் 60 ஏற்றினால் சரளையில் துள்ளும், வளைவில் வழுக்கும்.

கருவேல முள்தான் எமன். டயருக்கு 60 மி.லி. சீலன்ட் (ஓட்டையடைக்கும் திரவம்) ஊற்றினால் சின்ன ஓட்டை தானே அடைபடும். குத்திய முள்ளை வழியில் பிடுங்காதீர்கள். கோடையில் சீலன்ட் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். சக்கரத்தைக் குலுக்கிச் சத்தம் வராவிட்டால் மறுபடி ஊற்றணும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் சீலன்ட் உதவாது, ட்யூப் ஒன்று பையில் இருக்கட்டும்.

குறை? மழைக்குப்பின் செம்மண் அப்பி, ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையில்) சக்கரம் சிக்கும். குச்சியால் சுரண்டத்தான் வேண்டும்.

அஞ்செட்டிப் பக்கம் காவிரி வடக்கு சரணாலயத்துக் காட்டுத்தடத்தில் வனத்துறை அனுமதியில்லாமல் இறங்காதீர்கள். யானைக்காடு அது.