செரிபெல் தலைப்பட்டை ஈஈஜி: ஐசியூவில் எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஐசியூவில் (தீவிர சிகிச்சைப் பிரிவில்) நினைவில்லாமல் கிடப்பவருக்குக் கைகால் அசையாமலே வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். தொடர் ஈஈஜி (மூளையின் மின் அலைகளை விடாமல் பதியும் சோதனை) வைத்த 570 பேரைப் பற்றி 2004-இல் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள் எழுதினார்கள். 19 சதவீதம் பேருக்கு வலிப்பு. அவர்களில் 92 சதவீதம் பேருக்கு இழுப்பே இல்லாத வகை. கண் ஒரே பக்கம் திரும்பி நிற்பது, இமையோ உதட்டோரமோ துடிப்பது, இழுப்பு நின்றும் நினைவு திரும்பாதது, இதெல்லாம் சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள். தசை தளர்த்தும் மருந்து ஓடினால் இவையும் தெரியாது.

நடுராத்திரியில் ஈஈஜி டெக்னீஷியன் வரும்வரை காத்திருக்கும் இடைவெளியைத்தான் அமெரிக்காவின் செரிபெல் நிறுவனத்தின் தலைப்பட்டை நிரப்புகிறது. நெற்றி, பொட்டு, பின்தலையைச் சுற்றி 10 எலக்ட்ரோடு, 8 சேனல். பயிற்சி பெற்ற நர்ஸே சில நிமிடத்தில் மாட்டிவிடலாம். முடியை நன்றாக விலக்கித் தோலில் பதிய வையுங்கள். பாதி குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. இடது, வலது மூளையை ஒலியாகக் கேட்கும் வசதி ஸ்டான்ஃபோர்டில் பிறந்தது. அலையைப் படிக்கத் தெரியாத டியூட்டி டாக்டருக்கு உண்மையிலேயே கைகொடுக்கும்.

பட்டையோடு வரும் கிளாரிட்டி மென்பொருள், வலிப்பு எவ்வளவு நேரத்தை நிரப்புகிறது என்று சதவீதத்தில் காட்டும். 90 தாண்டினால் உடனே நியூராலஜிஸ்ட் அலையைப் பார்க்க வேண்டும். நடுக்கமும் மெல்லும் அசைவும் பொய் அலாரம் தரலாம். பூஜ்யம் காட்டினாலும் நிம்மதி அடையாதீர்கள்: உச்சந்தலையில் எலக்ட்ரோடே இல்லை, அங்கே எழும் வலிப்பும் குறுகிய வலிப்பும் நழுவிவிடலாம்.

வலிப்பைக் கண்டுபிடித்த பிறகு சொதப்புவது பெரும்பாலும் மருந்தின் டோஸில். முதலில் லோரசெபாம் கிலோவுக்கு 0.1 மி.கி., ஒரு தடவைக்கு 4 மி.கி. வரை. அடுத்து லெவெடிரசெட்டாம் கிலோவுக்கு 60 மி.கி., உச்சம் 4500 மி.கி. 70 கிலோ ஆளுக்கு 4200 மி.கி. வரும், பழக்கத்தில் 1 கிராம் எழுதிவிட்டு மருந்து கேட்கவில்லை என்பது அநியாயம். சிறுநீரகம் கெட்டிருந்தால் குறைக்க வேண்டியது தொடர் டோஸைத்தான். வால்ப்ரோயேட் கிலோவுக்கு 40 மி.கி. (உச்சம் 3000), ஃபாஸ்ஃபெனிடாயின் கிலோவுக்கு ஃபெனிடாயின் கணக்கில் 20 மி.கி. (உச்சம் 1500). இழுப்போடு வரும் தொடர் வலிப்பில் இந்தக் கடைசி மூன்றையும் ஒப்பிட்ட 2019 ஈசெட் ஆய்வில், மூன்றுமே ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் பலித்தன. ஆகவே நோயாளியின் நிலையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: ஈரல் கெட்டவருக்கு வால்ப்ரோயேட் வேண்டாம். ரத்த அழுத்தம் சரிந்தவருக்கு ஃபாஸ்ஃபெனிடாயின் வேண்டாம். சிறுநீரகம் பழுதானவருக்கு செஃபெபிம் என்ற ஆன்டிபயாட்டிக் ஓடுகிறதா என்றும் பாருங்கள். வலிப்புக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பட்டையை ஒரு மணி நேரத்தில் கழற்றிவிடும் வழக்கம் கோமா நோயாளிக்கு ஆகாது. அதே 2004 ஆய்வில், வலிப்பு இருந்த கோமா நோயாளிகளில் 20 சதவீதம் பேருக்கு முதல் வலிப்பே 24 மணி நேரத்துக்குப் பிறகுதான் பதிவானது. காலையில் டெக்னீஷியன் வந்ததும் முழு ஈஈஜிக்கு மாற்றுங்கள்.