ஒரே நடையா, இரண்டு நடையா?

ஒகேனக்கல்லில் தண்ணீர் குறைவாக ஓடும் நாட்களில் பரிசலில் போனவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். பாறை குறுக்கிடும் இடத்தில் எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டு, பரிசல்காரர் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, துடுப்போடு அடுத்த நீர்ப்பரப்புக்கு நடப்பார். ஒரே நடைதான். அதைப் பார்த்து, படகுப் பயணத்தில் ஒரு நீர்ப்பரப்பிலிருந்து அடுத்ததற்குத் தரைவழியே போகும்போது படகு, கூடாரம், சமையல் சாமான் எல்லாவற்றையும் நாமும் ஒரே நடையில் தூக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர் தலையில் மூட்டை எதுவும் இல்லை.

ஒரே நடையின் பலம் தூரக் கணக்கில் இருக்கிறது. ஆற்றுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் என்றால், ஒரே நடையில் ஒரு கிலோமீட்டரோடு வேலை முடியும். இரண்டு நடை என்றால் போய், வந்து, மறுபடி போய் மூன்று கிலோமீட்டர். நாளுக்கு ஐந்தாறு இடத்தில் இப்படித் தூக்க வேண்டிய கனடா ஏரிப் பயணங்களில் இந்த வித்தியாசம் மதியப் பொழுதையே தின்றுவிடும். அங்கே ஓட்டும் கனூ என்ற ஒடுங்கிய நீளப் படகும் இதற்கென்றே அமைந்தது. கெவ்லார் என்ற இலகுவான செயற்கை இழையில் செய்த 17 அடிக் கனூ ஏறக்குறைய 20 கிலோ. நடுவில் இருக்கும் நுகத்தடி இரண்டு தோளிலும் உட்கார்ந்துவிடும். முன்முனை கொஞ்சம் தூக்கி நிற்கும்படி எடை அமைந்தால் பாதையும் கண்ணுக்குத் தெரியும். துடுப்புகளை உள்ளே கட்டி, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு நடந்துவிடலாம். அதே நீளத்தில் அலுமினியக் கனூ என்றால் 30 கிலோவைத் தாண்டும். அதோடு பெரிய மூட்டையும் சேர்ந்தால் முட்டி தாங்காது.

பரிசல் வேறு ரகம். சுமார் 7 அடி விட்டம், மூங்கில் பின்னல், அடியில் நீர் புகாத உறை. கவிழ்த்துத் தூக்கினால் பக்கவாட்டுப் பார்வை மறைந்துவிடும், காற்றடித்தால் ஆளையே திருப்பும். இரண்டு கையும் விளிம்பைப் பிடிக்கவே சரியாக இருக்கும். சும்மாடு வைத்துப் பழகிய கழுத்துக்கு அது முடியும். அந்தப் பழக்கம் ஒரு விடுமுறையில் வந்துவிடாது. பரிசலோடு மூட்டையும் சேர்த்து ஒரே நடை என்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இரண்டு நடையை வலுவில்லாதவர் வழி என்று நினைப்பது தவறு. 18ஆம் நூற்றாண்டில் கனடாவின் மென்மயிர்த் தோல் வணிகத்தில் கனூ வலித்த கூலியாட்கள், நெற்றியில் தோல்வார் மாட்டி, தலா 40 கிலோ அளவுள்ள இரண்டு கட்டுகளை ஒரே தடவையில் சுமந்தவர்கள். அவர்கள்கூட நீண்ட பாதையை ஒரே மூச்சில் கடக்கவில்லை. கொஞ்ச தூரம் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு திரும்பி, மீதியை எடுத்து வருவார்கள். திரும்பி நடக்கும் அந்த நேரம்தான் ஓய்வு. இந்தப் பாதிவழி முறைக்குத்தான் என் ஓட்டு. தூரம் மூன்று மடங்கு என்பது மாறாது, ஆனால் தோள் விட்டு விட்டு வேலை செய்கிறது. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் பாறை கொதிக்கும்போது அதன் அருமை தெரியும்.

பாதை சமமாக, படகு இலகுவாக, சாமான் ஒரே பையில் அடங்குவதாக இருந்தால் ஒரே நடை. ஈரப்பாறை, மேடு பள்ளம் என்றால் தயங்காமல் இரண்டு நடை. காலை எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் சுமையோடு பாறையில் வழுக்கினால் கணுக்கால் போய்விடும். மிச்சப்படுத்திய அரை மணி நேரம் அதன் முன் ஒன்றுமே இல்லை.

இரண்டு நடையில் முதலில் மூட்டை போகட்டும், படகு பிறகு வரட்டும். எந்தப் பாறை ஆடுகிறது, எங்கே பாசி பிடித்திருக்கிறது என்பதெல்லாம் முதல் நடையிலேயே தெரிந்துவிடும். ஒகேனக்கல் பக்கம் இதில் ஒரு சிக்கல் உண்டு, குரங்கு. சோற்றுப் பையைத் தனியாக வைத்துவிட்டுத் திரும்பினால் பை அங்கே இருக்காது. இரண்டு பேர் போனால் ஒருவர் மூட்டையிடம் நிற்கட்டும். தனியாள் என்றால் சாப்பாடு மட்டும் இரண்டு நடையிலும் முதுகிலேயே இருக்கட்டும்.