கேனனெட் கேமரா ஷட்டர் ஜாம்: வீட்டுலயே கழுவி சரி பண்ணி ரொம்ப நாள் ஓட்டின அனுபவம்

பழைய ஃபிலிம் கேமரா கையில இருக்கு, ஷட்டர் (ஃபிலிம்ல வெளிச்சம் விழ ஒரு நொடி தொறந்து மூடுற கதவு) அடிக்க மாட்டேங்குது, ஸ்பேர்ஸுக்குன்னு வித்துடலாமான்னு யோசிக்கிறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். விக்காதீங்க. என்னோடது கேனன் கேனனெட் க்யூஎல்17 ஜி-3, 1972ல வந்த மாடல், 40எம்எம் எஃப்/1.7 லென்ஸ், சித்தப்பா சிங்கப்பூர்ல வேலை பாக்கும்போது வாங்கினது. வருஷக்கணக்கா பீரோவுல தோல் கவருக்குள்ளயே கெடந்து, எடுத்துப் பாக்கும்போது பட்டனை அழுத்தினா டிக்குன்னு சத்தம் மட்டும் வருது, ஷட்டர் பிளேடு அசையவே இல்ல. சென்னை மாதிரி கடலோர ஊர்ல தோல் கவர்ல பூட்டி வெச்சா ஈரமும் உள்ளயே நின்னுடும், அதுவும் கேமராவுக்கு நல்லதில்ல.

ஸ்க்ரூடிரைவரைத் தொடுறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துடுங்க. இந்த மாடல்ல அபர்ச்சர் ரிங் (லென்ஸ் தொறப்போட அளவை மாத்துற வளையம்) 'ஏ'ல, அதாவது ஆட்டோல இருந்து பேட்டரி இல்லன்னா, இல்ல வெளிச்சம் பத்தலன்னா, ஷட்டர் பட்டன் லாக் ஆயிடும். அது ஃபால்ட் இல்ல, அப்படித்தான் டிசைன் பண்ணிருக்காங்க. ரிங்கை 'ஏ'ல இருந்து எடுத்து எஃப்/4, எஃப்/8னு ஏதாவது ஒரு நம்பர்ல வெச்சுட்டு அடிச்சுப் பாருங்க, மேனுவல்ல ஓட பேட்டரியே வேணாம். இதுலயே சரியாகிப்போற கேமராக்கள் நெறைய. அடுத்தது செல்ஃப் டைமர் லிவர், அது பாதியில நின்னாலும் ஷட்டர் விடாது. ரெண்டும் இல்லன்னா பின் மூடியைத் தொறந்து, வைண்ட் பண்ணி (ஃபிலிம் தள்ளுற லிவரை இழுத்து), லென்ஸை ஜன்னல் பக்கம் காட்டிப் பின்னாடி இருந்து பாத்துக்கிட்டே அடிங்க. சத்தம் வந்து வெளிச்சம் தெரியலன்னா உள்ள ஸ்ப்ரிங் நல்லாத்தான் இருக்கு, பிளேடுதான் ஒட்டிக்கிட்டிருக்கு.

ஒட்டுறதுக்குக் காரணம் பழைய எண்ணெய். இதுல லென்ஸுக்குள்ளயே இருக்குறது லீஃப் ஷட்டர், பேப்பர் மாதிரி மெல்லிசான பிளேடுங்க ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்கும், அதுல எண்ணெயே இருக்கக் கூடாது, சுத்தமா காஞ்சிருக்கணும். ஃபோகஸ் ஹெலிகாய்டுல (ஃபோகஸுக்கு லென்ஸை முன்னபின்ன நகத்துற மரையில) போட்ட கிரீஸ் வருஷம் போகப் போகப் பிரிஞ்சு, எண்ணெய் மட்டும் மெதுவா பிளேடுக்கு ஊறி வந்து பிசினா ஆயிடுது. அதனால தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுன்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க. ரெண்டு நாள் ஓடும், அப்புறம் முன்னைவிட கெட்டியா ஒட்டும், அபர்ச்சர் பிளேடையும் சேத்து இழுத்துக்கும்.

வேண்டியது லைட்டர் ஃப்ளூயிட், லென்ஸ் ஸ்பேனர் (லென்ஸ் ரிங்கோட பள்ளத்துல மாட்டித் திருப்புற ரெண்டு முனைக் கருவி), இயர் பட், லென்ஸ் டிஷ்யூ, அவ்ளோதான். லைட்டர் ஃப்ளூயிட் குப்புனு தீப்பிடிக்கும், அதனால கேஸ் அடுப்பு, சாமி விளக்கு பக்கத்துல வேணாம், ஜன்னலைத் தொறந்து வெச்சுட்டு ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. லென்ஸைச் சுத்தி பேர் எழுதின ரிங்குல ஸ்பேனர் வெக்க எடம் கெடையாது, ரப்பரை அழுத்தி வெச்சு இடப்பக்கமா சுத்தணும். நான் பிவிசி பைப் மூடி மேல சைக்கிள் ட்யூபை இழுத்து மாட்டி அழுத்தித் திருப்பினேன், கழண்டுச்சு. அதுக்குக் கீழ முன்பக்க லென்ஸ் குரூப்பு, அதை ஸ்பேனரால சுத்தி எடுத்தா ஷட்டர் பிளேடு அப்படியே கண்ணு முன்னாடி. திரும்ப மாட்டும்போது இதைக் கடைசி வரைக்கும் இறுக்கணும், கொஞ்சம் லூஸா இருந்தாலும் ஃபோகஸ் போயிடும்.

இப்ப இயர் பட்ல ஃப்ளூயிட் நனைச்சு பிளேடு மேல ரெண்டு சொட்டு, வைண்ட், கிளிக், திரும்ப வைண்ட், கிளிக். முதல்ல பிளேடு தூக்கத்துல இருந்து எழுந்த மாதிரி மெதுவா பாதி தொறந்து நிக்கும். அதைப் பாத்து விரலால தள்ளாதீங்க, இடுக்கியால தொடவே தொடாதீங்க, ஒரு பிளேடு மடங்கினா கேமராவே போச்சு. இயர் பட்டை எடுத்துப் பாத்தா பழுப்பு கலர்ல அழுக்கு ஒட்டியிருக்கும், அது வெள்ளையாவே வர்ற வரைக்கும் பொறுமையா தொடைச்சுட்டே இருக்கணும். நடுநடுவுல முழுசா காய விட்டுப் பாக்கணும், ஏன்னா ஈரமா இருக்கும்போது ஜோரா ஓடும், ஃப்ளூயிட் ஆவியானதும் கரைஞ்ச எண்ணெய் திரும்ப பிளேடு மேலயே படிஞ்சு ஒட்டிக்கும். நெறைய பேர் சரியாயிடுச்சுன்னு மூடிட்டு அப்புறம் புலம்புறது இந்த எடத்துலதான். கடைசியா ஸ்பீடு ரிங்கை 'பி'ல வெச்சு (அழுத்துற வரைக்கும் ஷட்டர் தொறந்தே இருக்கும்) பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு உள்ளக் கண்ணாடியில படிஞ்ச புகையைத் தொடைச்சுடுங்க, பட்டன்ல மாட்டுற, லாக் ஆகுற கேபிள் ரிலீஸ் வயர் இருந்தா கை ஃப்ரீ.

ஷட்டர் ஸ்பீடு (எவ்ளோ நேரம் தொறந்திருக்குன்னு) செக் பண்ண மொபைல் ஸ்லோமோஷன் போதும். செகண்டுக்கு 240 ஃபிரேம்ல எடுத்தா 1/4 செகண்டுக்கு 60 ஃபிரேம், 1/30க்கு 8 ஃபிரேம் பிளேடு தொறந்திருக்கணும். 1/500 எல்லாம் இதுல தெரியாது, அதுக்கு ஒரு ரோல் போட்டுப் பாக்குறதுதான் வழி.

இதுக்கப்புறம் இந்தக் கேமராவுல நெறைய ரோல் எடுத்தாச்சு, ஷட்டர் ஒரு தடவைகூட நிக்கல. வெயில்ல 1/125, 1/250, 1/500 எல்லாமே நெகட்டிவ் சீரா வருது. குறைன்னு சொல்லணும்னா 1/4, 1/8 ரெண்டும் ஊட்டி குளிர்ல கொஞ்சம் இழுக்குது. ஸ்லோ ஸ்பீடுக்குன்னு தனியா ஒரு கியர் செட் உள்ள இருக்கு, அதுல இன்னும் பழைய எண்ணெய் மிச்சம் இருக்கும்னு நெனைக்கிறேன். அதைக் கழுவணும்னா ஷட்டரையே பிரிக்கணும், எனக்கு அது தேவைப்படல. செல்ஃப் டைமரைத் தொடுறதே இல்ல.

வெளிச்சத்தை அளக்குற மீட்டருக்குப் பழைய 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரி இப்ப வர்றதில்ல. காது மெஷினுக்குப் போடுற 675 நம்பர் ஜிங்க் ஏர் பேட்டரி 1.4 வோல்ட், ஆடாம இருக்க சுத்தி ஒரு ரப்பர் வளையம் போட்டு வெச்சா மீட்டர் நல்லாவே காட்டுது, ஆனா ஸ்டிக்கரைப் பிரிச்சதுல இருந்தே தீர ஆரம்பிச்சுடும், அதனால வெளிய போகும்போதுதான் புதுசு போடுறேன். பின் மூடி ஓரத்துல ஃபோம் கரைஞ்சு ஒட்டினா அதையும் இப்பவே சுரண்டி எடுத்துட்டுக் கறுப்பு உல்லன் நூல் ஒட்டிடுங்க, இல்லன்னா லைட் லீக் ஆகும். தோல் கவரைத் தூக்கிப் போட்டுட்டு, சிலிக்கா ஜெல் போட்ட டைட்டான டப்பாவுல கேமராவை வெச்சிருக்கேன், வாரம் ஒருக்கா எல்லா ஸ்பீடுலயும் சும்மாவே கிளிக் பண்ணிடுவேன்.

இந்த முறை லீஃப் ஷட்டருக்கு மட்டும்தான். எஸ்எல்ஆர்ல துணி ஸ்க்ரீன் ஓடுற ஷட்டர்னா அதுல ஃப்ளூயிட் ஊத்தாதீங்க, துணியில இருக்குற ரப்பர் பூச்சு வீணாயிடும். உள்ளயே ஃபிளாஷ் இருக்குற பாயிண்ட் அண்ட் ஷூட்டை வீட்டுல பிரிக்கவே வேணாம், பேட்டரி எடுத்த பிறகும் அதோட கெப்பாசிட்டர் நூத்துக்கணக்கான வோல்ட் பிடிச்சு வெச்சிருக்கும்.